ஊடு சேர்க்கும் அடி

அக்கா,

இன்று காலை சேலத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்து ஊற்றியிருந்ததால் வெயிலிலும் எல்லாம் மூடுபனியாகவே தெரிந்தது. அடிவாரத்தில் பஸ் நின்றபோது கொய்யாப்பழ வாசனை வந்தது. கூடைக்காரி ஏறியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அவளுக்குப் பின்னால் சில கல்லூரிப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். முதல் வளைவில் பஸ் திரும்பியதும் அவர்களில் ஒருத்தி போனில் ஒரு பாட்டை வைத்தாள். தாளம் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. உங்கள் பாட்டு.

உங்கள் பாட்டைக் கேசட்டில் பாடிய அந்தச் சென்னைப் பாடகியின் பழைய பதிவு அல்ல இது. அதற்கும் யாரோ இன்னும் வேகமாகத் தாளம் சேர்த்திருக்கிறார்கள். பெண்கள் கை தட்டி, வளைவுகளை எண்ணி, கூடவே பாடினார்கள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அது எனக்கும் உங்களுக்கும் உங்கள் மகன் சேகருக்கும் மட்டும் தெரிந்த வேலை. முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியுமோ என்று காத்திருந்தேன்.

அப்போது மனதில் ஓடியதைத்தான் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒரு விஷயம், நீங்கள் இருந்தபோது இருபத்தைந்து வருஷமாக நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராதது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த மடலிலும் சுற்றி வளைத்துத் தப்பித்துவிடுவேன், என் குணம் உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு டேப் தீர்ந்து போகவில்லை அக்கா. நான் பொய் சொன்னேன்.

நம் எஸ்டேட் நாடகத்தைப் பற்றி வெளியாருக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் மத்தியானம் நாடகம். பனிக்கும் காட்டெருமைக்கும் பயந்து, இருட்டுவதற்குள் சனம் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குத் திரும்பிவிட வேண்டும். காப்பி காயப்போடும் களம்தான் மேடை. இரண்டு கம்பளியைச் சேர்த்துக் கட்டினால் திரை. பொம்பளைகள் மேடையேறக் கூடாது என்று பெரியவர்கள் கட்டு வைத்திருந்தார்கள். மீசை சரியாக முளைக்காமல் ஒல்லியாக இருந்த பாவத்துக்குப் பெண் வேஷம் என் தலையில் விழுந்தது. சேலை கட்ட வந்தது, நடக்க வந்தது, அழக்கூட வந்தது. பாட மட்டும் வரவில்லை. அதனால் நீங்கள் கம்பளிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பாடுவீர்கள். நான் முன்னால் நின்று வாயசைப்பேன்.

"ஏங்கண்ணு ராசு, நான் மூச்சு வாங்கறப்ப நீயும் வாய மூடிக்கோணும். அந்நேரத்துல தொறந்து வெச்சிருந்தா ஈ பூந்துரும், பாத்துக்க" என்பீர்கள்.

மேஸ்திரி எழுதிய கதை அது. புதுத்துணி வாங்க அடிவாரத்துக்கு இறங்கிய புருஷன் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. பெண்டாட்டி ஒவ்வொரு வளைவாக இறங்கி, வளைவிடமே கேட்கிறாள். கதைதான் மேஸ்திரியுடையது. பாட்டை நீங்களே, காப்பிப் பழம் பறித்துக்கொண்டே கட்டினீர்கள். உங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, சேகரை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த காலம்.

இருவதாம் வளைவே, ஏறிட்டுப் பாரய்யா,
எம்மச்சான் போனாரா, எறங்கித்தான் போனாரா?

என்று தொடங்கி, பதினைந்து, பத்து, ஐந்து என்று இறங்கி,

மொத வளைவே, மொகங்கொடுத்துப் பேசய்யா,
அடிவாரத்து மண்ணுல அவரடி தெரியுதா?

என்று அடிவாரத்தில் வந்து நிற்கும். அப்போது களத்தில் ஒரு குழந்தைகூட அழாது. ஆனால் பாட்டு அங்கே முடியாது, முடியவும் கூடாது. நம் ஆட்களின் முன்னோர் சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறி வந்தவர்கள். ஏறியவர் இறங்கவில்லை, இறங்கியவர் ஏறவில்லை என்ற கதை ஒவ்வொரு லைன் வீட்டிலும் உண்டு. அதனால் ஒருத்தரைப் பாட்டில் வழியனுப்பினால், அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் அவரைப் பாட்டிலேயே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு 'ஊடு சேர்க்கும் அடி' என்று பேர். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்பதைப்போல, ஊடு சேர்க்காமல் பாட்டை விட்டாலும் ஆகாது. போனவர் போனவராகவே நின்றுவிடுவார் என்று பயம்.

போனவரு வந்தாரு, பொழுதோட வந்தாரு,
வளைவெல்லாம் வழிவிட வாசலுக்கு வந்தாரு,
அடுப்புல சோறிருக்கு, அகலுல எண்ணயிருக்கு,
ஆரும் பாக்கியில்ல, அத்தன பேரும் ஊடு சேந்தாச்சு.

இதை நீங்கள் தொடங்குவீர்கள், களத்தில் இருக்கும் சனம் முழுக்கச் சேர்ந்து பாடும். புருஷன் வேஷம் கட்டிய தங்கவேலு, குடையை விரித்துக்கொண்டு அந்த நேரம் பார்த்து நுழைவான். கை தட்டல் முழுக்க அவனுக்கு. முக்கால் மணி நேரம் அழுது தேடிய நான், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தானையால் அவன் முகத்தைத் துடைக்க வேண்டும். மாலையும் அவனுக்குத்தான் விழும். எனக்கு அது ஆகவே ஆகாது.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

நாடகம் வருஷா வருஷம் நடந்து, சேகர் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டிருந்த அந்த வருஷம், எஸ்டேட் முதலாளி வீட்டுக்குச் சென்னையிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த இசைக்காரர் ஒருவர் நாடகத்தைப் பார்த்தார். மறுநாள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். நீங்கள் வெளியே வர மாட்டேன் என்றீர்கள். "மறைப்பில்லாம எனக்குப் பாட வராதுங்க" என்று உள்ளே போய்ப் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அவர் கதவிடுக்கில் மைக்கை வைத்தார். நான் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வளைவு வரைக்கும் பாடிவிட்டு நிறுத்தினீர்கள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது, உங்கள் காலடிச் சத்தம் உள்ளே போனது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவருக்கு.

"முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் பாதி இருந்தது. மிச்சம் ஒரே ஒரு அடிதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் எனக்குத் தங்கவேலுவின் குடைதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பெட்டிக்குள்ளேயும் அவன் நுழைந்து கை தட்டல் வாங்க வேண்டுமா என்று தோன்றியது. மற்றபடி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"முடிஞ்சுதுங்க" என்றேன்.

அவர் பட்டனை அமுக்கிவிட்டு ஓடினார். நீங்கள் காப்பித் தம்ளரோடு கதவைத் திறந்தபோது வாசலில் நான் மட்டும் இருந்தேன்.

"அவரெங்க கண்ணு? இன்னும் ஊடு சேக்கலியே!"

"டேப்பு தீந்து போச்சுங்களாம் அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாருங்க."

நீங்கள் கையிலிருந்த தம்ளரைச் சற்று நேரம் பார்த்தீர்கள். "காப்பி கூட குடிக்காமப் போயிட்டாரே" என்றீர்கள். பிறகு அதை என்னிடம் நீட்டி, "இந்தா, நீயாச்சும் குடி" என்றீர்கள். நான் குடித்தேன். கதவுப் பக்கம் திரும்பி நின்று, ஊடு சேர்க்கும் அடியை நீங்கள் மெல்லப் பாடி முடித்தீர்கள். அதோடு விஷயம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். நான் எஸ்டேட்டை விட்டு பஸ் ஸ்டாண்டில் இந்த டீக்கடையைப் போட்டிருந்தேன். சென்னையில் பாப் பாட்டுகளால் பேர் வாங்கியிருந்த ஒரு பாடகியின் புது கேசட் வந்தது. டிவியில் சிவப்புக் குடையோடு அவர் ஆடுவதை ஊரே பார்த்தது. உங்கள் மெட்டுதான், உங்கள் சொல்தான். தலைகீழாக ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிக்கொண்டு ஏறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உறையில் 'மலைவாழ் மக்கள் பாடல்' என்று போட்டிருந்தது. பாடகியைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் பாடினார், அவர் கைக்கு வந்தது அவ்வளவுதான். சேலத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு டூரிஸ்ட் பஸ்ஸிலும் அடிவாரம் வந்தால் அந்தப் பாட்டுதான். சனத்துக்கு அது வளைவு எண்ணும் விளையாட்டாகிப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சந்தைக்கு வந்து, பையோடு என் கடைக்கு ஏறினீர்கள். சரியாக அந்த நேரத்தில் ரேடியோவில் போட்டான். முதலில் உங்களுக்குப் புரியவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. "இத்தன சனத்துக்கு மின்னாடி எம்பாட்டு பாடுது பாரு" என்றீர்கள். பாட்டு முடிந்தது. கொட்டுச் சத்தம் தேய்ந்து, சோப்பு விளம்பரம் வந்தது. நீங்கள் சிரித்த முகத்தோடு இன்னும் காத்திருந்தீர்கள்.

"மீதி எங்க கண்ணு?"

"டேப்பு அன்னைக்கே தீந்து போச்சுங்களே அக்கா."

சிரிப்பு போய்விட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, டீ குடிக்கும் ஆட்கள் பார்க்கப் பார்க்க, சுவர்ப் பக்கம் திரும்பி முணுமுணுவென்று அந்த நாலு வரியையும் பாடி முடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஊரு ஊரா அந்தம்மா அனுப்பி உடுது. ஆரு கண்ணு கூட்டியாறது?"

அன்றைக்குத் தொடங்கிய பயம்தான் அக்கா இது. எனக்கு அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பிப் பார்க்கும் சுபாவம். அதன்மேல் இதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரேடியோவில் அந்தத் தாளம் வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பேன், ரோட்டைப் பார்ப்பேன். அந்த வருஷமே சேகர் பஸ்ஸுக்குக் கிளீனராகப் போனான். அடுத்த சில வருஷத்தில் டிரைவரானான். அதே மலைப்பாதை, அதே இருபது வளைவு. அம்மா பாட்டு என்ற பெருமையில் அவன் பஸ்ஸிலும் அதே கேசட். "என்ற பையன் கையில ஸ்டேரிங்கு, காதுல பாதிப் பாட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள். பெருமையைக் கெடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை.

அப்படி ஒரு சந்தை நாளில்தான், கேசட் உறையிலிருந்த விலாசத்துக்குக் கடிதம் போடச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் இன்லண்டு லெட்டரில் எழுதினேன். "ஏனுங்க அம்மா, நல்லா பாடறீங்க. இன்னும் நாலு வரி இருக்குதுங்க, அதையும் சேத்துப் பாடீட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமுங்க" என்று. வேறு ஒன்றும் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் பேரைக்கூடப் போட வேண்டாம் என்றீர்கள்.

தபால் பெட்டி வரை போனேன். கை உள்ளே போனது, லெட்டரை விடவில்லை. அவர்கள் அந்த இசைக்காரரைக் கேட்டால், "அந்தத் தம்பியே முடிஞ்சுதுன்னு சொன்னானே" என்று பதில் எழுதுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சேகர் அதை உங்களுக்குப் படித்துக் காட்டுவான். திரும்பி வந்து லெட்டரைச் சர்க்கரை டின்னுக்கு அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கேட்டீர்கள், "பதில் வந்துச்சா கண்ணு?"

"இன்னுமில்லீங்க அக்கா."

இப்படி எத்தனை ஞாயிறு!

ஐப்பசி அடைமழையில் அந்த ஒரு சாயந்தரம் உங்களுக்கும் மறந்திருக்காது. ஐந்து மணிக்கு வர வேண்டிய சேகரின் பஸ் ஐந்தே முக்காலாகியும் வரவில்லை. மூடுபனியில் எதிர்க் கடை தெரியவில்லை. பன்னிரண்டாம் வளைவில் மரமும் பாறையும் சரிந்து விழுந்திருக்கிறது, ஒரு பஸ் மாட்டியிருக்கிறது என்று வாழவந்திப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார். எந்த பஸ் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் லைன் செத்துக் கிடந்தது. நீங்கள் கிளியூர் எஸ்டேட்டிலிருந்து சாக்குக் கொங்காடையைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்து வந்து சேர்ந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீயை நீட்டினேன், வாங்கவில்லை.

பாதை அடைத்ததால் கீழே இறங்க முடியாத டூரிஸ்ட் வேன் ஒன்று கடைக்கு முன்னால் நின்றது. உள்ளே இருந்த வாலிபர்கள் பொழுது போகாமல் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்ப வைத்தார்கள். ஒவ்வொரு தடவை முடியும்போதும் நீங்கள் மழையைப் பார்த்துக்கொண்டு ஊடு சேர்த்தீர்கள். சுவரைப் பார்க்கவில்லை, முந்தானையால் மறைக்கவில்லை. திரையில்லாமல், நாலு பேருக்கு நடுவில் நீங்கள் வாய் விட்டுப் பாடி நான் பார்த்தது அன்றுதான். நாலாவது தடவை உங்கள் குரல் கம்மியது. ஐந்தாவது தடவை வெறும் காற்றுதான் வந்தது.

"கண்ணு, நீ பாடு" என்றீர்கள்.

சேகருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் வாயால் ஆனது என்று எனக்குள் ஒரே இரைச்சல். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா, அன்னைக்கு அந்த டேப்பு..." என்று தொடங்கினேன்.

"இப்ப அத ஏன் பேசற? மொதல்ல பாடு."

வாயைத் திறந்தேன். பழைய பழக்கம், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். விரல் சில்லென்று இருந்தது.

"வாயசைச்சா பத்தாது சாமி. சத்தம் வரோணும்."

பாடினேன். அதைப் பாட்டு என்று சொல்லக் கூடாது. வேனில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆனாலும் கடைசி வரியில் நீங்கள் அந்தக் காற்றுக் குரலோடு சேர்ந்துகொண்டதும் ஒருவன் டேப்பை நிறுத்திவிட்டான். அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். அரை மணி கழித்து, பனிக்குள்ளிருந்து ஆட்கள் நடந்து வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. மாட்டியது சேகரின் பஸ்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு, அத்தனை பயணிகளையும் நடத்திக் கூட்டிக்கொண்டு, ஒரு பாட்டியம்மாவின் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். நீங்கள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. "சோறு தின்னியா?" என்று மட்டும் கேட்டீர்கள். நான்தான் அடுப்புக்குப் பின்னால் போய் அழுதேன்.

கிளம்பும்போது என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தீர்கள். "நான் தோட்டத்துல கெடக்கறவ, எனக்கு எங்க கேக்குது? நீ பஸ் ஸ்டாண்டுல இருக்கற. உன்ற காதுல உழுந்தா நீதான் ஊடு சேத்தோணும். அடுத்த பாட்டு வாரதுக்குள்ள." அதற்குப் பிறகு, பதில் வந்ததா என்று நீங்கள் கேட்டதே இல்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று யோசிக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

போன வைகாசியில் உங்களுக்கு மூச்சுத் திணறல் வந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். நாலாம் நாள் காலையில் சேகர் போன் செய்தான். "மாமா, அம்மா போயிருச்சுங்க" என்றான். நான் இறங்கி வந்தேன். மத்தியானம் வேனில் உங்களை ஏற்றினோம். சேகர் முன்னால், மருமகளும் நானும் உங்கள் பக்கத்தில். அடிவாரம் தாண்டி முதல் வளைவு வந்தது. யாரும் எந்தப் பாட்டும் வைக்கவில்லை. ஆனால் இறங்கியவரை ஏற்றிக்கொண்டு போகிறோம். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெல்லத் தொடங்கினேன், போனவரு வந்தாரு என்று. மருமகள் திடுக்கிட்டுப் பார்த்தாள். இரண்டாம் வளைவிலும் பாடினேன், மூன்றாவதிலும் பாடினேன். ஏழாவது வளைவில் சேகர் திரும்பாமலே, "மாமா, இன்னுங் கொஞ்சம் சத்தமாங்க" என்றான். இருபது வளைவிலும் பாடித்தான் அக்கா உங்களைக் கொண்டுவந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சேகர் உங்கள் லைன் வீட்டுக்கு வெள்ளையடித்தான். நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். உங்கள் அடுப்படியில், சுவரில் மாட்டியிருந்த சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பலகைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் சேகர் வெள்ளையடிப்பவரிடம் சாதாரணமாகப் பேசினான். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டான். "முடிஞ்சுதுங்க" என்றார் அவர். ஒவ்வொரு எழுத்தும் என் காதுப் பக்கத்தில் பேசியதுபோல் கேட்டது. கையிலிருந்த சட்டி நழுவி விழுந்து உடைந்தது.

நீங்கள் பாடியது வாசலில் எனக்குக் கேட்டதென்றால், வாசலில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்காமல் இருக்குமா? இத்தனை வருஷத்தில் இந்த மடையனுக்கு அது தோன்றவில்லையே.

அப்படியானால் காப்பித் தம்ளரோடு கதவைத் திறந்தபோதே உங்களுக்குத் தெரியும். அந்தக் காப்பியை எனக்குக் கொடுத்தபோதும் தெரியும். ஞாயிறுதோறும் பதில் வந்ததா என்று கேட்டது, நானே சொல்லட்டும் என்று கொடுத்த தவணைகளா? மழையன்று நான் வாயெடுத்ததும் தடுத்தது மன்னிப்பா, இல்லை, இனி உன் பேச்சு வேண்டாம் வேலையைச் செய் என்ற கோபமா? என்னைப் பாடச் சொன்னது நம்பிக்கையாலா, தண்டனையாலா? ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி தெரிகிறது, மறுநாள் வேறு மாதிரி. கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லை. சொல்ல வேண்டிய காலத்தில் பயந்தேன், கேட்க வேண்டிய காலம் போய்விட்டது. அந்த இன்லண்டு லெட்டர் இன்னும் சர்க்கரை டின்னுக்கு அடியில்தான் இருக்கிறது. எறும்பு ஒரு மூலையை அரித்திருக்கிறது, உங்கள் நாலு வரியும் அப்படியே இருக்கின்றன.

மறுபடி இன்றைய பஸ்ஸுக்கு வருகிறேன். நாலாம் வளைவில் பாட்டு முடிந்தது. அந்தப் பெண் அடுத்த பாட்டைத் தேடி விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன் வைத்திருந்தவள் சிரிக்கவில்லை.

"தாத்தா, இது இந்தப் பாட்டோட மிச்சங்களா? எங்கியுமே வராதுங்களே" என்று கேட்டாள்.

"இருக்குதும்மா. நான்தான் வர விடாமப் பண்ணிட்டேன்" என்றேன். உங்களிடம் சொல்லாததை ஒரு மனுஷரிடம் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன் அக்கா. அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "இன்னொருக்கா பாடுங்க தாத்தா, ரிக்கார்டு பண்ணிக்கறேன்" என்று போனை என் வாய்ப் பக்கம் நீட்டினாள்.

கண்ணில் மருந்து, எதிரில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் பாடவும் யாரும் இல்லை. பாடினேன். அடுப்பில் சோறிருந்தது, அகலில் எண்ணெய் இருந்தது. கடைசி வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. கண்டக்டர் பதறிப்போய், "ஏனுங்க பெரியவரே, ஒடம்புக்கு என்னுங்க பண்ணுது?" என்று தோளைத் தொட்டார்.

அந்தப் பெண் போனை நீட்டியபடியே இருந்தாள். கொஞ்சம் தயங்கி, "முடிஞ்சுதுங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

"இன்னும் முடியல சாமி" என்றேன். "ஒரு வரி இருக்குது. இரு."